மில் ஆட்களுக்குச் சம்பளம் கூட்டினால் லாபம் கூடுமா, இல்லை முதலில் நிர்வாகத்தைச் சரிசெய்ய வேண்டுமா?

கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை. அப்பா காலத்தில் கூட்டு வியாபாரமாக இருந்தது, இப்போது பிரைவேட் லிமிடெட். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று மூன்று இயக்குநர்கள், இருபத்தைந்து ஆட்கள். பழகிய ஆட்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள் என்பதால் தம்பி சம்பளத்தைக் கூட்டச் சொல்கிறார், அண்ணன் வேண்டாம் என்கிறார். வங்கி மேலாளரோ உங்கள் கம்பெனியில் நிர்வாக ஒழுங்கு இல்லை என்று சொல்லி கடன் வரம்பை உயர்த்த மறுக்கிறார். இந்தச் சம்பளம், நிர்வாக ஒழுங்கு எல்லாம் உண்மையிலேயே லாபத்தைத் தொடுமா, இல்லை பெரிய கம்பெனிக்காரர்கள் பேசுகிற பேச்சா என்பதுதான் கேள்வி.

தொடும். ஆனால் இரண்டும் தனித்தனியாகத் தொடாது, அதைத்தான் உங்கள் வீட்டில் இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் தஞ்சாவூரில் தணிக்கைத் தொழிலில் இருப்பவன், என் கைக்கு வருகிற கணக்குகளில் பாதி இந்த மாதிரி குடும்பக் கம்பெனிகள்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சம்பளத்திலிருந்து ஆரம்பிப்போம். கூடுதல் சம்பளம் கொடுத்தால் லாபம் வரும் என்று பேசுகிற எல்லோரும் எடுக்கிற உதாரணம் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு. 1914 ஜனவரியில் அவர் ஒரு நாள் சம்பளத்தை 5 டாலர் என்று அறிவித்தார், அதற்கு முன் சுமார் 2.34 டாலர். தன் தொழிலாளி தன் காரையே வாங்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது, கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. ஒரு முதலாளி தன் ஆட்களுக்கே பொருளை விற்றுக் கொடுத்த சம்பளத்தைத் திரும்ப எடுத்துவிட முடியாது. உண்மைக் காரணம் ஆள் ஓட்டம். 1913ஆம் வருஷம் அந்த ஆலையில் சுமார் 14,000 பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தை நிரப்பிவைக்க 50,000க்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது, விலகல் விகிதம் 370 சதவீதம். நகரும் தளத்தில் ஒரே திருகை நாள் முழுக்கத் திருகுகிற வேலை, எவனும் நிற்கவில்லை. சம்பளம் ஏறியதும் வாசலில் கூட்டம் நின்றது, விலகல் மடமடவென்று விழுந்தது, உற்பத்தித் திறன் ஏறியது.

ஆனால் அந்தக் கதையில் யாரும் சொல்லாத இன்னொரு பாதி இருக்கிறது. அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்த தொகை, அதைப் பெற ஆறு மாதம் வேலையில் நின்றிருக்க வேண்டும், கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். வீட்டுக்குள் நுழைகிற அந்த வேலை எனக்குப் பிடிக்காது, இன்று அப்படி யாரும் செய்யவும் முடியாது. விஷயம் என்னவென்றால், கூட்டிக் கொடுத்த பணத்துக்கு என்ன திரும்பி வருகிறது என்று அந்த முதலாளி விடாமல் அளந்துகொண்டே இருந்தார். நம்மூரில் சம்பளம் கூட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் மில்லுக்கு வருவோம். அரிசி ஆலையில் செலவின் பெரும்பகுதி நெல், கூலி அதில் சின்னத் துண்டு. புழுங்கல் அரிசிக்கு அரசு வைத்திருக்கிற அளவு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி. அதை எட்டுவதும், அதில் முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்பதும் நெல் அவிக்கிற அவியலிலும் அதைக் காயவைக்கிற ட்ரையரிலும் நிற்கிற ஆள் கையில் இருக்கிறது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வரும் முன்னே அவசரப்பட்டு அரைவைக்கு விட்டாலும் உடையும், சூட்டை ஏற்றி ஒரேயடியாகக் காயவைத்தாலும் உடையும். ஒரு உத்தேசக் கணக்குப் போடுங்கள், எண்களை உங்கள் மில்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு 20 டன் நெல் அரைக்கிறீர்கள். அதில் நெல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 200 கிலோ, முழு அரிசியாக வர வேண்டியது நொய்யாகப் போகிறது. முழு அரிசி கிலோ 45, நொய் 25 என்றால் வித்தியாசம் 20 ரூபாய், ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் இழப்பு. இருபத்தைந்து பேருக்கும் தலைக்கு 100 ரூபாய் கூட்டினால் 2,500, அதற்கு மேல் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் சேர்த்தாலும் 2,900 தாண்டாது. ஆக அந்த ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தாலே சம்பள உயர்வு தன் செலவைத் தானே கொடுத்துவிட்டு மேலே ஆயிரம் ரூபாயும் தருகிறது.

தம்பி சொல்வது சரி என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் உங்கள் மில்லில் தினசரி நொய் எவ்வளவு என்று யாராவது எழுதுகிறார்களா? ஈரப்பதமானி அலமாரியில் இருக்கிறதா, ட்ரையர் பக்கத்தில் இருக்கிறதா? நொய்யும் தவிடும் எடைபோட்டு பில் போட்டுப் போகிறதா, இல்லை வண்டி நிறைந்ததும் கைக்காசுக்குப் போகிறதா? எழுதாத மில்லில் 100 ரூபாய் கூட்டினாலும் அந்த ஒரு சதவீதம் திரும்பி வராது, வந்தாலும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாதம் அண்ணன் சொல்வார், நான் அப்போதே சொன்னேனே என்று.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது 2003இல் வந்த ஒன்று, எழுதியவர்கள் மரியான் பெர்ட்ரான், செந்தில் முல்லைநாதன் (பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்மூர் ஆள்). 1980களில் அமெரிக்காவின் சில மாநிலங்கள், வெளியாள் பங்குகளை வாங்கிக் கம்பெனியைக் கைப்பற்றுவதைக் கடினமாக்கிச் சட்டம் போட்டன. அதாவது சரியாக நடத்தாவிட்டால் வேறொருவன் வந்து பிடுங்கிக்கொள்வான் என்ற பயம் மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது. என்ன ஆயிற்று? தொழிலாளர் சம்பளம் ஏறியது, அதிலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளம் இன்னும் அதிகம் ஏறியது. பழைய ஆலைகளை மூடுவதும் குறைந்தது, புதிய ஆலைகளைத் தொடங்குவதும் குறைந்தது. உற்பத்தித் திறனும் லாபமும் இறங்கின. நிர்வாகிகள் கம்பெனியைக் கண்டபடி பெருக்கிப் பேரரசு கட்டவில்லை, பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை, யாரோடும் சண்டை இல்லாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து மில்காரரைப் பகைக்காமல், யூனியன்காரரைப் பகைக்காமல், மேஸ்திரியைப் பகைக்காமல் காலம் தள்ளுகிற முதலாளியை நம் மாவட்டத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபோர்டு ஆலையில் லாபம் தந்த அதே சம்பள உயர்வு இந்த ஆய்வில் வந்த கம்பெனிகளில் நஷ்டமாகிறது. கொடுத்த இடத்தில் யார் யாரைக் கேள்வி கேட்க முடிந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நிர்வாக ஒழுங்கைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் கொஞ்சம் தள்ளிநின்று பாருங்கள். 1990களின் அமெரிக்கப் பங்குச் சந்தையை வைத்து, சுமார் 1,500 நிறுவனங்களை 24 விதிகளால் மதிப்பெண் போட்டு, பங்குதாரர் உரிமை வலுவாக உள்ளதை வாங்கி பலவீனமானதை விற்றிருந்தால் ஆண்டுக்கு 8.5 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று இன்னொரு 2003 கட்டுரை சொன்னது. அதைக் காட்டித்தான் ஆலோசனைக் கம்பெனிகள் பல வருஷம் பிழைத்தன. 2000க்குப் பிறகு அந்தக் கூடுதல் லாபம் காணாமல் போய்விட்டது; சந்தை அதைக் கற்றுக்கொண்டு முன்கூட்டியே விலையில் ஏற்றிவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். எப்படியிருந்தாலும் உங்கள் பங்கு சந்தையில் இல்லை, அந்த எண் உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு உதவுவது மும்பைப் பக்கத்து நெசவாலைகளில் நடந்த பரிசோதனை. குடும்பங்கள் நடத்துகிற ஆலைகள், வெளியாலோசகர்கள் சில மாதம் இலவசமாக உட்கார்ந்து ரொம்பச் சாதாரண விஷயங்களைப் பழக்கினார்கள்: துணியில் எங்கே குறை வந்தது என்று தினமும் எழுதுவது, நூல் இருப்பைப் பதிவது, தளத்தைப் பெருக்கி வைப்பது, காலையில் பத்து நிமிடம் கூடிப் பேசுவது. 2013இல் வெளியான முடிவு, முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது. அதில் இன்னொன்றும் கண்டார்கள், அது நமக்கு உறைக்க வேண்டிய விஷயம்: அந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாகின என்பது, குடும்பத்தில் எத்தனை ஆண் வாரிசு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இருந்தது. வெளி மேலாளரை நம்ப முடியாததால் மகன்கள் எண்ணிக்கையளவுதான் தொழில் வளர்ந்தது. மகள்கள் கணக்கிலேயே வரவில்லை, அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும், இங்கே வேண்டாம்.

சரி, நம் மண்ணில் இதற்கெல்லாம் உதாரணம் இல்லையா என்றால் தாராளமாக இருக்கிறது. சம்பா அறுவடை சமயத்தில் அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கைக்காசு பிடுங்குகிறார்கள் என்ற புகாரைக் கேட்காத வருஷம் உண்டா? பருவகால ஊழியருக்கு வருஷத்தில் சில மாதம்தான் வேலை, சுமை தூக்குகிறவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி, நெல்லை இறக்கிவைத்துவிட்டு மழைக்குப் பயந்து நிற்கிற விவசாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு பக்கம், கூலியை உயர்த்தினால் வசூல் நின்றுவிடும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், கேமரா வைத்தால் நின்றுவிடும் என்கிறார்கள். கூலி குறைவாக இருக்கும் இடத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதையே முதலில் கற்றுக்கொள்வார்கள். மேலே பங்கு போகிற இடத்தில் கூலியை இரட்டிப்பாக்கினாலும் வசூல் தொடரும்.

கூலி விஷயத்தில் கீழத்தஞ்சைக்காரர்களுக்கு நீண்ட ஞாபகம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952, அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராறின் நடுவே வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25, அடுத்த வருஷமே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். இங்கே ஒரு ஆள் கூலியைப் பார்க்கும்போது கையில் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்து மில்லில் எவ்வளவு, அளந்து கொடுத்தவன் நேர்மையாக அளந்தானா, முதலாளி வீட்டுக் கார் எப்போது மாறியது என்று எல்லாம் சேர்த்தே பார்க்கிறான். நியாயமில்லை என்று பட்டால் கையைக் கட்டிக்கொள்வான், வாய் திறக்க மாட்டான், உங்களுக்கு நொய்யில்தான் தெரியும்.

நிர்வாகம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாபநாசம் பக்கம் திருமண்டங்குடி சர்க்கரை ஆலையைப் பாருங்கள். கரும்புக்கு நிலுவை ஒருபுறம், விவசாயிகள் பெயரிலேயே வங்கியில் கடன் எடுத்த விவகாரம் மறுபுறம், கடைசியில் ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய்க் கைமாறியது. கரும்பு போட்டவர்கள் 2022 நவம்பர் கடைசியில் உட்கார்ந்த போராட்டம் வருஷக்கணக்கில் நீண்டது. இதில் தொழிலாளியின் சம்பள அளவு ஒரு காரணமே இல்லை.

வங்கிகளை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. தலைமை அலுவலகம் இன்றும் அங்கேயே, சிறு வியாபாரிக்கும் சிறு தொழிலுக்கும் கடன் கொடுப்பதையே பிரதானமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றின் மேலே கரூரில் 1926இல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. அதுவும் வியாபாரிகள் கூடி ஆரம்பித்ததுதான். பின்னாளில் பெரிய கம்பெனிக் கடன்களில் இறங்கியது, வாராக்கடன் ஏறியது, 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது, 2020 செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே மேலாண் இயக்குநர் உட்பட 7 இயக்குநர்களுக்கு எதிராக வாக்களித்து அனுப்பினார்கள். ரொம்பத் தாமதம். நவம்பர் 17ஆம் தேதி பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு, 27ஆம் தேதி டி.பி.எஸ். வங்கியோடு இணைப்பு, பங்கின் மதிப்பு மொத்தமாகப் பூஜ்யம். வைப்புத்தொகை தப்பியது, ஊழியர் வேலையும் தப்பியது. பங்கு வைத்திருந்தவருக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. கிளார்க் சம்பளம் அதிகம் என்பதால் எந்த வங்கியும் விழுந்து நான் பார்த்ததில்லை. யாருக்குக் கடன், யார் கையெழுத்து, யார் கேள்வி கேட்டார்கள் என்ற இடத்தில்தான் விழுகிறது.

இனி உங்கள் மூன்று பேரின் விஷயம். பிரைவேட் லிமிடெட் என்பதால் சுயாதீன இயக்குநர், தணிக்கைக் குழு எல்லாம் சட்டப்படி உங்களுக்கு வேண்டாம். போர்டு கூட்டம் வேண்டும். ஆனால் நம்மூர் வழக்கம் எனக்குத் தெரியும், கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததைப் பதிகிற மினிட்ஸ் புத்தகத்தை வருஷக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரே பேனாவில் நான்கு கூட்டத்துக்கும் எழுதி வைப்பான், மூன்று பேரும் கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டபோது கையெழுத்து. வங்கி மேலாளர் முட்டாள் இல்லை, அந்தப் பேனாவை அவரும் பார்க்கிறார். சித்தப்பா மகனின் லாரிதான் மில்லுக்கு ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு வாடகை யார் நிர்ணயித்தது? குடோன் யார் பெயரில்? தவிடு யாருடைய எண்ணெய் ஆலைக்குப் போகிறது? பட்டியலிட்ட கம்பெனியில் இதற்கெல்லாம் தனி விதி உண்டு, அதோடு இயக்குநர் ஒவ்வொருவரின் சம்பளமும், ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் வருகிறவரின் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் போட்டாக வேண்டும். எந்தப் பெரிய கம்பெனியின் பங்கை வாங்குவதானாலும் நான் முதலில் புரட்டுகிற பக்கம் அது. லாபம் இறங்கிய வருஷத்தில் மேலே உள்ளவர் சம்பளம் ஏறி, கீழே உள்ளவர் சம்பளம் அப்படியே இருந்தால் அறிக்கையை மூடிவிடுவேன். நீங்களும் அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு மூன்று பேரும் பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். சம்பளம், பெட்ரோல், வீட்டு மின்கட்டணம், பையன் ஸ்கூல் ஃபீஸ் என்று கம்பெனியிலிருந்து போவது எல்லாவற்றையும் சேர்த்து.

சம்பளத்தைக் கூட்டத்தான் வேண்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே அளவு கூட்டாதீர்கள். ட்ரையர், பாய்லர், அவியல் பார்க்கிறவர்கள், எடைமேடையில் நிற்கிறவர், இவர்கள் போனால்தான் மில் தடுமாறும், அங்கே ஆரம்பியுங்கள். அதற்கு முந்தைய மாதத்திலிருந்தே நொய்யையும் ஈரப்பதத்தையும் ஷிப்ட்வாரியாகப் பலகையில் எழுத விடுங்கள், ஆட்களே எழுதட்டும், அப்போதுதான் உயர்வுக்கு முன், பின் என்று ஒப்பிட முடியும். சம்பளத் தேதி தவறக் கூடாது, இது நான் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பே மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் என்கிறது, விலகுகிறவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. அதே தொகுப்பில் ஊதியத்துக்கு வெளியே வைக்கிற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதும் ஊதியமாகவே கணக்காகும், ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் போட்டு மீதியைப் பேட்டாவாகக் காட்டுகிற பழைய வித்தை இனி உதவாது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கிற பழக்கம் இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பணத்தால் கட்டப்பட்ட ஆள் இருப்பான், வேலையில் மனசு இருக்காது, கடைசியில் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் போன் எடுக்க மாட்டான், முன்பணமும் போயிருக்கும்.

தீபாவளி போனஸ் கேட்டிருந்தீர்கள். 20 பேருக்கு மேல் இருப்பதால் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும், உச்சம் 20. இடையில் உள்ளதை நீங்கள் நொய்க் கணக்கோடு இணைக்கலாம், ஆனால் கணக்கு ஆட்களுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் மட்டும். திருபுவனம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளியே உறுப்பினர், ஒரு சேலைக்கு என்ன கூலி என்பது நெய்வதற்கு முன்பே தெரியும், சங்கத்துக்கு லாபம் வந்தால் அதில் தனக்குப் பங்கு உண்டு என்பதும் தெரியும். மில்லைக் கூட்டுறவாக்கச் சொல்லவில்லை, கணக்கை ஒளிக்காமல் வையுங்கள் என்கிறேன்.

ஒருவேளை சித்தப்பா மகன் லாரி வாடகையை எழுத்தில் கொண்டுவர ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதற்காகச் சம்பள உயர்வை நிறுத்திவைக்காதீர்கள், ட்ரையர் ஆட்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த போர்டு கூட்டத்துக்குத் தள்ளுங்கள். அந்தக் கூட்டத்தை உண்மையிலேயே நடத்துங்கள். மன்னார்குடியிலேயே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி யாராவது இருப்பார், உறவுக்காரராக மட்டும் இருக்கக் கூடாது, அவரை நான்காவது நாற்காலியில் உட்காரவைத்து லாரி விஷயத்தை அவர் வாயால் கேட்க விடுங்கள். அண்ணன் கேட்டால் குடும்பச் சண்டை, அவர் கேட்டால் அலுவல். கடன் வரம்புக்கு வங்கிக்குப் போகும்போது அந்த மினிட்ஸையும் நொய்ப் பலகையின் மூன்று மாத நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.